தாத்தாவின் முகம் 36 பிக்சல்

மூன்று வாரமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. செமஸ்டர், செய்முறைத் தேர்வு, ஜுரம் என்று வரிசையாகக் காரணம் சொல்லலாம். உண்மை என்னவென்றால் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கைக் குடைந்துகொண்டிருந்தேன். தேடியது கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று உட்கார்ந்து யோசித்ததில் விளைந்ததுதான் இது. கொஞ்சம் தொழில்நுட்பம், கொஞ்சம் புலம்பல். வகுப்புத் தோழர்களே, நம்ம ஃபேர்வெல் வீடியோ மேட்டரும் நடுவில் வருகிறது, அதற்குள் ஓடிவிடாதீர்கள்.

எங்கள் தாத்தா அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். 2021-ல் தவறிவிட்டார். அடுத்த வருடம் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு, அவருடைய போட்டோக்களை எல்லாம் சேர்த்து பாட்டுப் போட்டு ஒரு வீடியோ பண்ணித் தா என்றார் பெரியப்பா. நான் அப்போது பிளஸ் ஒன். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் அதிக நேரம் உட்காருகிறவன் என்பதால் எனக்குத் தகுதி இருப்பதாக முடிவு செய்துவிட்டார்கள்.

வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் தாத்தாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் எடுத்தவை. ஆச்சி, தாத்தா கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கவில்லை. அவரோடு வேலை பார்த்த ஒரு சாரின் வீட்டில் மட்டும், 1968-ல் எடுத்த ஆசிரியர் குழுப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மூன்று வரிசையில் 42 பேர். நடு வரிசையில் இடமிருந்து ஐந்தாவது ஆள் தாத்தா. மெலிந்த உடம்பு, கறுப்புக் கோட்டு, அரும்பு மீசை. இரவல் வாங்கி, சட்டத்தைக் கழற்றி, 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணி, இரண்டாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

வீடியோ ஒன்பது நிமிடம் வந்தது. எல்லோரும் அழுதார்கள், பாராட்டினார்கள். குடும்பக் குழுவில் போட்டதும் கும்பிடு பொம்மைகளாக வந்து குவிந்தன. ஆறு மாதம் கழித்து லேப்டாப்பில் இடம் போதவில்லை. ஸ்கேன் பண்ணிய படங்கள் இருந்த ஃபோல்டரைப் பார்த்தேன். வீடியோதான் பத்திரமாக இருக்கிறதே, இது எதற்கு என்று அழித்துவிட்டேன். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. என் விரல், என் டெலிட் பட்டன்.

2024-ல் அந்த சார் வீட்டை விற்றுவிட்டு மகன் ஊருக்குப் போனார். சுவரில் இருந்தவை பழைய சாமான்காரரிடம் போயிருக்கின்றன. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஆச்சி கேட்டாள்: "அந்த வாத்திமாரு படத்துல தாத்தா மொகத்த மட்டும் பெருசாக்கி மாட்டித் தாயேன்." அதற்கென்ன என்று வீடியோவை நிறுத்தி, முகத்தை வெட்டி, பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணும் புருவமும் ஒன்றாகிவிட்டன. மீசை இருந்த இடத்தில் ஒரு கரிக்கோடு. ஆச்சி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "இது அவுகளா? யாரோ மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கணக்கு வாத்தியார் பேரனாச்சே.

படம் எட்டுக்கு ஆறு அங்குலம். 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணினால் 4800க்கு 3600, அதாவது 1 கோடியே 72 லட்சத்துச் சொச்சம் பிக்சல். வரிசைக்கு 14 பேர் என்றால் ஒரு முகம் சுமார் 120 பிக்சல் அகலம் வரும். ஃபுல் எச்டி வீடியோவின் ஒரு ஃபிரேம் 1920க்கு 1080, மொத்தமே 20.7 லட்சம் பிக்சல்தான். அதிலும் என் படம் 4:3 வடிவம். உயரத்துக்கு 1080 என்று பொருத்தினால் அகலம் 1440-தான் கிடைக்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. ஆக, ஒரு கோடியே 72 லட்சம் பிக்சல் 15.5 லட்சமாகச் சுருங்கிவிட்டது. பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை. 120 பிக்சல் முகம் 36 பிக்சல் ஆகிவிட்டது. கண்ணுக்கு ஏழு பிக்சல் தேறினால் அதிகம். ஏழு புள்ளியில் யாருடைய கண்ணை வரைய முடியும்?

'வீடியோவில் குவாலிட்டி போய்விட்டது' என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் முதல் இழப்பு இதுதான். கம்ப்ரஷன் எல்லாம் இதற்கு அப்புறம். செல்போனில் எடுத்த சாதாரண 12 மெகாபிக்சல் படம்கூட 4000க்கு 3000. அதை எச்டி வீடியோவுக்குள் வைத்தால் எட்டில் ஒரு பங்குதான் உள்ளே போகும். 4கே வீடியோ என்றாலும் ஃபிரேம் 3840க்கு 2160, 83 லட்சம் பிக்சல். 4:3 படத்துக்கு அதில் 62 லட்சம்தான் கிடைக்கும். பெரிய பாத்திரத்தில் இருப்பதைச் சின்ன டம்ளரில் ஊற்றுகிறோம். மீதி தரையில்.

சரி, அப்படியானால் போட்டோவை வீடியோவாக்கவே கூடாதா? அதுவும் இல்லை. ஒரு போட்டோவுக்குள் கேமராவைக் கொண்டுபோய் உலாவ விடுவது எவ்வளவு அழகான காரியம் என்பதற்குச் சினிமாவிலேயே சாட்சி இருக்கிறது. இன்றைக்கு எடிட்டிங் மென்பொருட்களில் 'கென் பர்ன்ஸ் எஃபெக்ட்' என்று ஒரு வசதி உண்டு. படம் மெதுவாக நகரும், மெதுவாகப் பெரிதாகும். அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் 1990-ல் வெளிவந்த 'தி சிவில் வார்' தொடரில், அசையும் படமே எடுக்க முடியாத காலத்துப் போரைப் பழைய போட்டோக்களைக் கொண்டே காட்டினார். 2003-ல் ஆப்பிளின் ஐமூவியில் அவர் பெயரிலேயே அந்த வசதி வந்தது. உத்தி அவர் கண்டுபிடித்ததல்ல. 1957-லேயே கனடாவில் காலின் லோவும் வூல்ஃப் கோனிக்கும் 'சிட்டி ஆஃப் கோல்ட்' என்ற குறும்படத்தில், தங்க வேட்டைக் கால டாசன் நகரத்தின் பழைய போட்டோக்களுக்குள் கேமராவை நடக்க விட்டார்கள்.

அவர்கள் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் கேமரா போட்டோவின் மேலேயே போய் நின்றது. கூட்டத்தில் ஒரு முகத்தைக் காட்ட வேண்டுமென்றால், அசல் அச்சின் மேல் லென்ஸ் நெருங்கிப் போகும். நெருங்க நெருங்கப் புது விவரம் கிடைக்கும். நானோ முதலில் படத்தை ஃபிரேம் அளவுக்குச் சுருக்கிவிட்டு, அந்தச் சுருங்கிய படத்தைப் பெரிதாக்கினேன். தாத்தா முகத்தை நோக்கி மூன்று மடங்கு ஜூம் வைத்திருந்தேன். 36 பிக்சல் 108 ஆக இழுக்கப்பட்டது. இழுபட்டதே தவிர, உள்ளே புதிதாக ஒன்றும் வரவில்லை.

வயிற்றெரிச்சல் இனிமேல்தான். அசல் ஸ்கேன் அளவை அப்படியே வைத்து அதே ஜூமைச் செய்திருந்தால், அதே எச்டி வீடியோவில், 120 உண்மையான பிக்சலில் இருந்து 108 பிக்சல் முகம் கிடைத்திருக்கும். ஸ்கேனை அழித்திருந்தாலும் அந்த நான்கு விநாடி தாத்தாவைக் காப்பாற்றியிருக்கும். எல்லாம் ஒரு மெனு வரியில் இருக்கிறது. சில மென்பொருட்களில் 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்' என்றும் 'செட் டு ஃபிரேம் சைஸ்' என்றும் இரண்டு வரி அடுத்தடுத்து இருக்கும். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவது அசல் பிக்சல்களைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுருங்கிய படத்தை வைத்துக்கொள்ளும். இரண்டாவது அசலைக் கையில் வைத்துக்கொண்டு அளவு எண்ணை மட்டும் மாற்றும். நான் முதலாவதை அமுக்கியிருக்கிறேன். உங்கள் மென்பொருளில் எது எப்படி என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை: சின்ன எழுத்து உள்ள ஒரு பேப்பரைப் போட்டோ எடுத்து உள்ளே வைத்து ஜூம் பண்ணிப் பாருங்கள். எழுத்து தெளிந்துகொண்டே வந்தால் பிழைத்தீர்கள்.

எங்கள் தலைமுறைக்கு முந்தைய கொடுமையையும் சொல்ல வேண்டும். சித்தி கல்யாணம் 2004-ல். அந்த விசிடி இன்னும் வீட்டில் இருக்கிறது. மாப்பிள்ளை போட்டோ சுழன்று வந்து தாமரைக்குள் உட்காரும். பெண் போட்டோ இதய வடிவத்தில் துடிக்கும். சிரிப்பாக இருந்தாலும், விசிடியின் ஃபிரேம் வெறும் 352க்கு 288, ஒரு லட்சம் பிக்சல்தான் என்று தெரிந்தபிறகு அந்தக் கடைக்காரரை மன்னித்துவிட்டேன். அதற்குள் எந்த முகத்தை வைத்தாலும் கூழ்தான். அதனால்தான் சுழல விட்டார்களோ என்னவோ. அப்புறம் வந்த டிவிடி 720க்கு 576, நான்கு லட்சம். அந்த பிக்சல்களும் சதுரமில்லை. அது தெரியாமல் படத்தைப் போட்டால் ஆள் ஒல்லியாகவோ குண்டாகவோ ஆகிவிடுவார். போதாததற்கு இன்டர்லேஸ் தொல்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை என்று பழைய டிவி மாற்றி மாற்றி வரையும். அசையாத போட்டோவில் ஒரே ஒரு வரி கனத்தில் சரிகைக் கோடு இருந்தால், அது பாதி நேரம் இருக்கும், பாதி நேரம் இருக்காது. பட்டுப்புடவை மினுக் மினுக் என்று துடிக்கும். மருந்து என்ன தெரியுமா? படத்தை வேண்டுமென்றே மேல்கீழாகக் கொஞ்சம் மங்கலாக்குவது! தெளிவாக இருந்ததுதான் நோய்.

அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கருவிகளில் குறையில்லை, அதனால் நமக்குச் சாக்கும் இல்லை.

கம்ப்ரஷன் பற்றி ஒரு தவறான நம்பிக்கை எனக்கும் இருந்தது. போட்டோதான் அசையாதே, வீடியோவில் அது நோகாமல் உட்காரும் என்று. உண்மைதான், அசையாமல் இருக்கும்வரை. எச்.264 போன்ற முறைகள் ஒரு ஃபிரேமை முழுசாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். ஒன்றும் மாறாவிட்டால் எழுத ஒன்றுமில்லை. ஆனால் நாம் சும்மா விடுகிறோமா? ஒவ்வொரு படத்துக்கும் ஜூம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று கரைந்து மற்றொன்று தோன்றும் கிராஸ்ஃபேடு. கரையும்போது திரையிலுள்ள ஒவ்வொரு பிக்சலும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுகிறது. பழைய அச்சின் பொடிப்பொடியான கிரெய்ன் வேறு. ஒதுக்கிய பிட்ரேட் போதாமல் போனால் என்கோடர் முதலில் கைவைப்பது இந்த நுண்ணிய விஷயங்களில்தான். கிரெய்ன் போகும், கூடவே தோலின் சுருக்கம் போகும். முகம் மெழுகு பொம்மை ஆகும். கல்யாண மண்டபத்து நீல பேக்டிராப் படிப்படியாக வளையம் கட்டும்.

வண்ணப் படமென்றால் இன்னொரு இழப்பு. நாம் பார்க்கும் வீடியோக்களில் அநேகமாக எல்லாமே 4:2:0 என்ற முறையில் நிறத்தைச் சேமிக்கின்றன. வெளிச்ச அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் உண்டு. நிறம் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். அசையும் காட்சியில் கண்ணுக்குத் தெரியாது. அசையாத போட்டோவில், ஆச்சியின் நெற்றிக் குங்குமத்தைப் பாருங்கள், ஓரம் கசிந்திருக்கும். தாத்தா படம் கறுப்பு வெள்ளை என்பதால் இந்த ஒரு நஷ்டத்திலிருந்து மட்டும் தப்பித்தது.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். நிபுணன் இல்லை, சூடுபட்ட பூனை. எடிட்டிங்கை 4கே டைம்லைனில் செய்கிறேன், பார்க்கிற டிவி எச்டியாக இருந்தாலும். ஜூம் தேவைப்படும் படத்துக்கு மட்டும் ஜூம். கடைசி ரெண்டரை எக்ஸ்264-ல் சிஆர்எஃப் 17 அல்லது 18-ல் வைக்கிறேன். தானாக வரும் எண் 23, அந்த எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். அதிலேயே 'ஸ்டில்இமேஜ்' என்று ஒரு டியூன் இருக்கிறது, நம்மைப் போன்ற ஸ்லைடுஷோ ஆசாமிகளுக்காகவே வைத்தது. ஜன்னல் கம்பி, கட்டம்போட்ட சட்டை மாதிரி நெருக்கமான கோடுகள் உள்ள படத்தை நகர்த்தினால் அது நெளியும். அப்போது ஒரு துளி மங்கலாக்குகிறேன், அல்லது நகர்த்தாமலே விட்டுவிடுகிறேன்.

இந்த நகர்த்தாமல் விடுவதில் எனக்கு ஒரு பிடிவாதமே வந்துவிட்டது. பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் 1962-ல் எடுத்த 'லா ஜெத்தே' ஏறக்குறைய முழுக்க முழுக்க போட்டோக்களால் ஆன படம். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் நிஜமாக அசையும் காட்சி ஒன்றே ஒன்று, ஒரு பெண் கண் திறப்பது. மற்றபடி போட்டோ அது பாட்டுக்கு நிற்கிறது, நாம் பார்க்கிறோம். நாம் மட்டும் ஏன் ஒரு படத்தை மூன்று விநாடி நிற்க விட மறுக்கிறோம்? பார்க்கிறவர்களுக்கு அலுத்துவிடுமாம். எங்கள் ஆச்சிக்கு ஒரு படத்தைப் பார்க்கக் கால் மணி நேரம் வேண்டும். யார் யார் நிற்கிறார்கள், யார் கட்டியிருப்பது யாருடைய சேலை, பின்னால் தெரிவது எந்த வீட்டுத் திண்ணை என்று ஒவ்வொன்றாக வருவாள். அவளிடம் போய் நான்கு விநாடிக்கு ஒரு படம், நடுவில் பக்கம் புரளும் அனிமேஷன்!

அடுத்தது டிவி. நீங்கள் ஒழுங்காகச் செய்து கொடுத்ததையும் அது கெடுக்கும். முதலில் ஓரத்தை வெட்டும் பழக்கம். பழைய குழாய் டிவி காலத்து ஓவர்ஸ்கேன் இன்னும் பல செட்டுகளில் தானாகவே இயங்குகிறது. வரிசையின் கோடியில் நிற்கும் வாத்தியாருக்குப் பாதி முகம்தான். அப்புறம் 4:3 படத்தைத் திரை முழுக்க இழுப்பது. எங்கள் சித்தப்பா வீட்டில் எல்லோரும் மூன்று வருடமாகக் குண்டாகவே இருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. ஷார்ப்னெஸ்ஸை ஏற்றி வைத்தால் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் வெள்ளைக் கோடு, சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி. கறுப்பு வெள்ளை அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. போட்டோவில் கறுப்பு 0, வெள்ளை 255. வீடியோவில் வழக்கமாகக் கறுப்பு 16, வெள்ளை 235. பிளேயரும் டிவியும் இதில் ஒத்துப்போகாவிட்டால் கறுப்புக் கோட்டு சாம்பலாகும், அல்லது கோட்டின் மடிப்பெல்லாம் ஒரே இருட்டாகும். படத்தில் குறை என்று நினைத்து எடிட்டிங்கில் போய்த் திருத்துவீர்கள். குறை ரிமோட்டில் இருக்கும்.

இவ்வளவு சொன்னபிறகு என் கட்சி என்னவென்று தெரிந்திருக்கும். வீடியோ என்பது ஆல்பம் இல்லை. அது ஒரு நாள் கூத்துக்கு நாம் கட்டும் பந்தல். நன்றாகக் கட்டலாம், கட்டவும் வேண்டும். ஆனால் குடும்பங்களில் இப்போது நடப்பது வேறு. விசேஷம் முடிந்ததும் வீடியோ மட்டும் எல்லோர் கைக்கும் போகிறது. மூலப் படங்கள் செய்தவனுடைய லேப்டாப்பில் கிடந்து, அந்த லேப்டாப்போடு சாகின்றன. 'எதுக்குடா இவ்வளவு பிக்சல், யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்கள்' என்று என் அறை நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். இன்று யாரும் பார்க்க மாட்டார்கள். நாற்பத்திரண்டு பேரில் ஒருவர் இல்லாமல் போன மறுநாள் ஒருத்தி பார்ப்பாள். அவளுக்கு மற்ற 41 பேரும் வேண்டாம்.

ஆகவே மக்களே, ஃபேர்வெல் வீடியோ. நான்கு வருடப் படங்களையும் அரட்டைச் செயலியில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லை பென் டிரைவைக் கொண்டு வாருங்கள். வீடியோ எடிட் செய்யப்போவது நான் என்பதால் எனக்கு அதிகாரம் இருக்கிறது. கடைசியில் ஒவ்வொருவருக்கும் வீடியோவோடு மூலப் படங்களின் ஃபோல்டரும் தரப்படும். 'இடம் இல்லை மச்சி' என்கிறவர்களுக்கு வீடியோ கிடையாது. பதினெட்டு ஜிபிதான் வருகிறது, நாலு சினிமாவை அழியுங்கள்.

ஆச்சிக்கு இப்போது வீடியோவே போடுவதில்லை. மீதி இருந்த படங்களை மறுபடி ஸ்கேன் பண்ணி, பென் டிரைவில் போட்டு, டிவியில் போட்டோவாகவே வைக்கிறேன். ரிமோட் அவள் கையில். (சில 4கே டிவிகளின் போட்டோ பார்க்கும் செயலி எச்டி அளவில்தான் வரையும் என்பது தனிக்கதை. அதனால் முகத்துக்கு நெருங்கிப் போகும் வெட்டுகளைத் தனிப் படங்களாகவே சேர்த்துவிட்டேன்.) போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தில் ஒன்பது படம் ஆனது.

குழுப் படத்துக்கு வருகிறேன். ஒரு ஸ்டுடியோ அந்த மாதிரிப் படம் எடுத்தால் ஒரே ஒரு பிரதி போட்டிருக்காது. ஆளுக்கொன்று காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள். தாத்தா வாங்கவில்லை, அவ்வளவுதான். ஆச்சிக்கு நினைவிருந்த வரை பதினேழு வாத்தியார்களின் பெயரை எழுதி வாங்கியிருக்கிறேன். ஆறு வீட்டைக் கண்டுபிடித்தாயிற்று. நான்கு வீட்டில் இல்லை. ஒரு வீட்டில் கரையான் பாதியைத் தின்றிருக்கிறது, தின்றது நம்ம பக்கப் பாதி. ஆறாவது வீடு கடையத்தில். அந்த சாரின் மருமகள் போனில், பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது, ஆள் வைத்து இறக்க வேண்டும், பொங்கலுக்கு வா தம்பி என்றார்கள். ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.